நிலக்கரி அன்லோடரில் சீல் வைத்த கார்டன் ஷாஃப்ட்: தேர்வு, பொருத்தல், பராமரிப்பு

கப்பலிலிருந்து நிலக்கரி இறக்கும் அன்லோடரில் கார்டன் ஷாஃப்ட் (இரு முனையிலும் மடங்கும் ஜாயின்ட் உள்ள, சுழற்சியைக் கடத்தும் தண்டு) உடைந்தால் பழி முதலில் சுமை மேல்தான் விழும். லாக் புக்கில் 'ஓவர்லோடு' என்று எழுதிவிட்டு, ஸ்டோரிலிருந்து அதே சைஸில் இன்னொன்றை எடுத்து மாட்டிவிடுவார்கள். கழற்றிய ஜாயின்ட்டைப் பிரித்துப் பார்த்தால் காரணம் பெரும்பாலும் வேறாக இருக்கும். ஜாயின்ட்டை மூடும் ரப்பர் சீலின் உதடு தேய்ந்திருக்கும், உள்ளே கிரீஸ் கரும்பசையாகக் காய்ந்திருக்கும், நீடில்கள் (பேரிங்கிலுள்ள ஊசி போன்ற உருளைகள்) துருப்பிடித்துப் பாதி உருளாமல் நின்றிருக்கும். உருளாத நீடில் சாதாரணச் சுமையிலேயே கிராஸை (ஜாயின்ட்டின் நடுவிலுள்ள சிலுவை வடிவத் துண்டு) தின்றுவிடும். அதனால் இந்த வழிகாட்டி முழுவதும் சீலையே மையமாக வைத்துப் போகிறது. கணக்கு, கோணம், போல்ட் எல்லாவற்றையும் சீலுக்கு என்ன செய்கின்றன என்ற கண்ணோடுதான் பார்க்க வேண்டும்.

எண்ணூர் காமராஜர் துறைமுகமும் தூத்துக்குடியும் இதற்குச் சரியான உதாரணங்கள். ஒடிசா நிலக்கரி பாராதீப்பில் கப்பல் ஏறி, அனல்மின் நிலையங்களுக்காக இங்கே வந்து இறங்குகிறது. ஜெட்டி கடலுக்குள் நிற்கிறது, உப்புக் காற்று ஓய்வதில்லை. தூசி அடங்கத் தண்ணீர் தெளிக்கிறார்கள். நிலக்கரியில் உள்ள கந்தகம் ஈரத்தோடு சேர்ந்தால் அமிலத்தன்மை வந்துவிடும். போதாததற்கு அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. உப்பு, அமில ஈரம், உராயும் தூசி மூன்றும் ஒரே நேரத்தில் சீலைத் தாக்கும் இடம் இது. உரம் இறக்கும் பெர்த்தில் நிலைமை இன்னும் மோசம். பொட்டாஷ் உரம் என்பது பொட்டாசியம் குளோரைடு. காற்றின் ஈரத்தை இழுத்துக்கொண்டு எஃகின் மேல் உப்புநீராகவே உட்கார்ந்துவிடும்.

எந்தெந்த இடத்தில் இருக்கிறது

கிராப் வகை அன்லோடரில் இந்த ஷாஃப்ட் பொதுவாக மூன்று இடங்களில் வரும். கிராப் (அள்ளும் வாளி) நிலக்கரியைக் கொட்டும் ஹாப்பருக்குக் கீழே, அதிர்ந்து அதைத் தள்ளிவிடும் வைப்ரேட்டிங் ஃபீடரின் எக்ஸைட்டரை (அதிர்வு தரும் பகுதி) ஓட்டுவது முதலாவது. மோட்டார் அசையாத சட்டத்தில் நிற்கும், எக்ஸைட்டரோ ஸ்பிரிங் மேல் ஆடும். அந்த ஆட்டத்தை விழுங்கிக்கொண்டே சுற்றுவது ஷாஃப்ட்டின் வேலை. சில இயந்திரங்களில் வைப்ரேட்டிங் ஃபீடருக்குப் பதில் பெல்ட் ஃபீடர் இருக்கும். அங்கே கியர்பாக்ஸுக்கும் தலை டிரம்முக்கும் நடுவில் வருவது இரண்டாவது. மூன்றாவது, ஒரு மோட்டார் இரண்டு சக்கரங்களை ஓட்டும் பழைய வடிவமைப்புகளில், தண்டவாளத்தில் நகரும் லாங் டிராவல் போகியில் வருவது.

மூன்றில் சீக்கிரம் சாவது ஃபீடர் ஷாஃப்ட்தான். ஹாப்பரிலிருந்து சிந்தும் தூள் எல்லாம் அதன் தலையில்தான் கொட்டுகிறது. எட்டிப் பார்க்க வசதியில்லாத மூலையில் இருப்பதால் கிரீஸ்காரர் கை அங்கே குறைவாகப் போகும்.

'சீல்டு' என்று கேடலாக்கில் இருந்தால்

அந்தச் சொல் இரண்டு வேறு பொருள்களுக்குப் பயன்படுகிறது. ஆர்டர் போடும்போதே பிரித்துக் கேட்க வேண்டும்.

ஒன்று, ஆயுளுக்கும் கிரீஸ் அடைத்த ஜாயின்ட். கிரீஸ் அடிக்கும் வாயான நிப்பிள் இருக்காது. உள்ளே போட்ட கிரீஸ் உள்ளேயே இருக்க வேண்டும், வெளியிலிருந்து எதுவும் வரக்கூடாது. கை எட்டாத இடத்துக்கு இது ஏற்றது. உதடு ஒருமுறை போய்விட்டால் காப்பாற்ற வழியில்லை, ஷாஃப்ட்டை மாற்ற வேண்டியதுதான். இதில் துளை போட்டு நிப்பிள் வைக்கும் யோசனை அவ்வப்போது யாருக்காவது வரும். கிராஸின் மேற்பரப்பு கடினப்படுத்தப்பட்டது. துளையின் விளிம்பிலிருந்து விரிசல் ஓடும். அதைச் செய்யவே கூடாது.

மற்றொன்று, நிப்பிள் உள்ள, பல உதட்டு சீல் போட்ட ஜாயின்ட். வெளியே ஒரு தூசித் தடுப்பு வளையம், அதற்குள் வெளிப்புறம் பார்த்த உதடு, அதற்கும் உள்ளே கிரீஸை அடக்கும் உதடு. புது கிரீஸ் அடிக்கும்போது பழையது சீல் வழியாக வெளியே வரும்படி அமைத்திருப்பார்கள். வெளியே வரும் கிரீஸ் தூசியையும் ஈரத்தையும் தள்ளிக்கொண்டு வருவதால், தொடர்ந்து கவனிக்கக் கூடிய இடத்தில் நிலக்கரி ஜெட்டிக்கு இதுவே நல்லது என்பது எங்கள் கருத்து.

ஜாயின்ட்டை மட்டும் பார்த்துவிட்டு ஸ்ப்லைனை மறந்துவிடுகிறார்கள். நீளம் கூடிக் குறையும் அந்தப் பல் பகுதிக்கும் தனியாக சீலும், மேலே மூடும் குழாயும் வேண்டும். பல்லின் மேல் பிளாஸ்டிக் பூச்சு உள்ள வகை கிடைத்தால் கூடுதல் பணம் கொடுத்தாவது வாங்குங்கள். துருவேறி இறுகிய ஸ்ப்லைன் செய்யும் கேடு அடுத்தவர் கணக்கில் எழுதப்படும்: ஷாஃப்ட் நீள முடியாமல் கியர்பாக்ஸின் வெளி ஷாஃப்ட்டைத் தள்ளும், கியர்பாக்ஸ் பேரிங் போகும், கியர்பாக்ஸை ரிப்பேருக்கு அனுப்புவார்கள். திரும்பி வந்தும் அதே பேரிங் போகும்.

சைஸ் கணக்கு

முறுக்கு விசையை நியூட்டன் மீட்டரில் எடுக்க, 9550ஐ கிலோவாட்டால் பெருக்கி ஆர்.பி.எம்.மால் வகுக்க வேண்டும். பெல்ட் ஃபீடரில் 37 கிலோவாட் மோட்டார், கியர்பாக்ஸுக்குப் பிறகு 50 ஆர்.பி.எம். என்றால் 7,067 வரும். இதை அதிர்ச்சிக்காக ஓர் எண்ணால் பெருக்க வேண்டும். ஒரே பக்கம் சீராக ஓடும் பெல்ட் ஃபீடருக்கு 1.5 முதல் 2 வரை, முன்னும் பின்னும் மாறி ஓடும் டிராவலுக்கு 2 முதல் 3 வரை, வைப்ரேட்டிங் ஃபீடருக்கு 3க்குக் குறையாமல் எடுத்துக்கொள்ளலாம். நம் உதாரணத்தில் 2 போட்டால் 14 கிலோநியூட்டன் மீட்டருக்கு மேல். ஹாப்பர் நிரம்பிய நிலையில் மோட்டாரை நேரடி ஸ்டார்ட்டரில் தொடங்கினால், முதல் விநாடியில் மோட்டார் தன் வழக்கமான முறுக்கைவிட இரண்டு, இரண்டரை மடங்கு கொடுக்கக்கூடும். அந்த எண்ணையும் தனியாகப் போட்டு, இரண்டில் பெரியதை எடுங்கள்.

பேரிங் ஆயுள் இரண்டு விஷயங்களுக்குக் கூர்மையாகக் கட்டுப்பட்டது. முறுக்கு இரட்டித்தால் ஆயுள் சுமார் பத்தில் ஒன்றாகிவிடும். ஜாயின்ட் கோணம் இரட்டித்தால் பாதியாகும். ஆனாலும் பயந்துபோய் இரண்டு சைஸ் பெரியதாக வாங்குவது நல்லதல்ல. ஷாஃப்ட் கனக்கும், அந்த எடை இரு முனைகளிலும் உள்ள இயந்திரங்களின் பேரிங்குகளில்தான் தொங்கும்.

கோணம்

கார்டன் ஜாயின்ட் கோணத்தில் சுற்றும்போது வெளிப்பக்கம் சீராக ஓடாது. ஒரு சுற்றில் இரண்டு முறை வேகம் கூடும், இரண்டு முறை குறையும். 10 பாகைக்கு இது கூட்டல் கழித்தல் 1.5 சதவீதம். இரண்டாவது ஜாயின்ட் இந்த ஏற்ற இறக்கத்தைச் சமன் செய்ய வேண்டுமானால் மூன்றும் சரியாக இருக்க வேண்டும்: இரு முனைக் கோணங்களும் சமம், நடுக்குழாயின் இரண்டு யோக்குகளும் (கிராஸைப் பிடிக்கும் கவைகள்) ஒரே தளம், மூன்று அச்சுகளும் ஒரே தளம்.

முழுக்க நேராக வைத்துவிட்டால் பிரச்சினையே இல்லை என்று தோன்றும். அதுதான் பெரிய தவறு. கோணம் பூஜ்யமானால் நீடில்கள் உருளாது. ஒரே இடத்தில் அழுத்தி அழுத்திக் கிராஸில் கோடு கோடாகப் பள்ளம் விழும், கிரீஸும் பரவாது. குறைந்தது 1 பாகையாவது இருக்கட்டும். 3 பாகை அளவில் வைப்பது வசதி.

வைப்ரேட்டிங் ஃபீடரில் ஒரு நுட்பம் இருக்கிறது. ஜாயின்ட் மையத்திலிருந்து மையம் 1,200 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். 3 பாகைக்கு மோட்டார் அச்சுக்கும் எக்ஸைட்டர் அச்சுக்கும் 63 மி.மீ. உயர வேறுபாடு தேவை. ஹாப்பர் நிரம்பினால் ஸ்பிரிங் அமுங்கி எக்ஸைட்டர் 30 மி.மீ. இறங்கும் என்றால், காலியில் எக்ஸைட்டர் மோட்டாரைவிட 63 மி.மீ. கீழே இருந்தால் நிரம்பும்போது 93 ஆகி 4.4 பாகை வரும். இது நல்லதுதான். மாறாக எக்ஸைட்டர் 30 மி.மீ. மேலே இருக்கும்படி பொருத்தியிருந்தால், சுமை ஏறிய வேளையில் சரியாகப் பூஜ்யத்தில் வந்து நிற்கும். சுமை இருக்கும்போதுதான் நீடில் உருள வேண்டும், அப்போதுதான் உருளாமல் நிற்கும். ஆகவே எக்ஸைட்டரைத் தொடக்கத்திலிருந்தே மோட்டாருக்குக் கீழே வையுங்கள். ஹாப்பர் காலியாக ஒருமுறை, நிரம்பி ஒருமுறை என்று டிஜிட்டல் கோணமானியில் இருமுறை அளந்து எழுதுங்கள்.

இரு முனைக் கோணங்களும் எவ்வளவு வேறுபடலாம்? ஒவ்வொன்றையும் வர்க்கமாக்கி, ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்து, வர்க்கமூலம் எடுங்கள். விடை 3 பாகைக்குள் இருக்க வேண்டும். 6, 5 என்று இருந்தால் 3.3 வரும், ஏற்கக்கூடாது. வெறும் 1 பாகை வித்தியாசம்தானே என்று விடத் தோன்றும் இடத்தில் கணக்கு இப்படி எதிர்த்து நிற்கும். ஃபீடரின் ஒரு பக்க ஸ்பிரிங் மட்டும் தளர்ந்துவிட்டால் எக்ஸைட்டர் அச்சே சாய்ந்துவிடும். 1,800 மி.மீ. இடைவெளியில் 20 மி.மீ. இறக்கம் என்றால் 0.6 பாகைக்கு மேல். ஸ்பிரிங் உயரத்தை அளக்காமல் ஷாஃப்ட்டை மட்டும் மாற்றிக்கொண்டிருந்தால் முடிவே இருக்காது.

கழற்றும் முன்

மின் இணைப்பைத் துண்டித்து, பிரேக்கரில் பூட்டும் அட்டையும் போட்டு, பக்கத்திலுள்ள பட்டனை அழுத்தி ஓடவில்லை என்று உறுதி செய்வது எல்லா வேலைக்கும் பொது. இங்கே அதோடு நிற்கக்கூடாது. டிராவல் ஷாஃப்ட்டைக் கழற்றினால் மோட்டார் பக்கப் பிரேக்குக்கும் சக்கரத்துக்கும் இருந்த தொடர்பு அறுந்துவிடும். நூற்றுக்கணக்கான டன் இயந்திரம் காற்றில் தானாக நகரத் தொடங்கும். முதல் போல்ட்டைத் தளர்த்தும் முன்னால் ரெயில் கிளாம்ப் பிடித்திருக்க வேண்டும், புயல் முளை (இயந்திரத்தைத் தரையோடு பூட்டும் கம்பி) குழிக்குள் இறங்கியிருக்க வேண்டும், சக்கரத்துக்கு இருபுறமும் ஆப்பு இருக்க வேண்டும். புயல் எச்சரிக்கைக் கொடி ஏறியிருக்கும் நாளில் இந்த வேலையே வேண்டாம். ஃபீடர் ஷாஃப்ட் என்றால் ஹாப்பரைக் காலி செய்து, கிராபை ஹாப்பருக்கு மேலே தொங்கவிடாமல் தரையில் இறக்கிவையுங்கள்.

பிறகு அளவுகள்: இரு ஃபிளாஞ்ச் (போல்ட் போட்டு இணைக்கும் தட்டு) முகங்களுக்கு இடையிலான தூரம், இரு கோணங்கள், ஸ்ப்லைன் மூடுகுழாய் எந்தப் பக்கம் பார்க்கிறது. எல்லாவற்றையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். சென்ட்டர் பஞ்சால் ஃபிளாஞ்சில் புள்ளி அடிப்பதைவிடப் பெயின்ட் பேனாக் கோடு போதும்.

ஷாஃப்ட்டைக் குழாய்ப் பகுதியில் இரண்டு துணிப் பட்டைகளால் தாங்குங்கள். ஜாயின்ட்டிலோ ஸ்ப்லைன் மூடுகுழாயிலோ பட்டை போட்டால் சீல் நசுங்கும். இரு பாதிகளும் உருவிக்கொண்டு பிரியாதபடி கம்பியால் கட்டுங்கள். போல்ட் விடுபட்டதும் ஃபிளாஞ்ச் யோக் தலை தொப்பென்று மடங்கும், நடுவில் விரல் இருந்தால் போய்விடும்.

மாட்டுவது

ஃபிளாஞ்ச் முகத்தில் பெயின்ட், துரு, கிரீஸ் எதுவும் இருக்கக்கூடாது. பெயின்ட் படலம் சில நாளில் அமுங்கி போல்ட் இழுவிசை குறைந்துவிடும், கிரீஸ் இருந்தால் முகங்கள் வழுக்கும். டயல் கேஜ் வைத்து ஃபிளாஞ்சைச் சுற்றிப் பாருங்கள், 0.1 மி.மீ.க்கு மேல் ஆடினால் முதலில் அதைச் சரி செய்யுங்கள். முகத்தில் குறுக்குப் பற்கள் வெட்டிய ஃபிளாஞ்ச் என்றால் பள்ளங்களைக் கம்பித் தூரிகையால் அடிவரை சுரண்ட வேண்டும். ஒரு பள்ளத்தில் ஒட்டிய நிலக்கரித் துகள்கூட முகத்தைத் தூக்கி நிறுத்திவிடும்.

ஸ்ப்லைனின் இரு பாதியிலும் அம்புக்குறி இருக்கும், அவை நேருக்கு நேர் வர வேண்டும். ஒரு பல் தள்ளிப் போட்டாலும் அதிர்வு வந்துவிடும். சுருங்கிய நீளத்திலிருந்து மொத்த நகர்வில் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை நீட்டி மாட்டுங்கள். 900 மி.மீ. சுருங்கிய நீளமும் 110 மி.மீ. நகர்வும் உள்ள ஷாஃப்ட் 937க்கும் 955க்கும் நடுவில் நிற்க வேண்டும். ஸ்ப்லைன் சீலின் வாய் கீழ்நோக்கிப் பார்க்கட்டும். மேல்நோக்கி இருந்தால் மழைநீரும் கழுவும் நீரும் அந்த உதட்டுக்கு மேல் குளமாக நிற்கும்.

போல்ட்டும் நட்டும் புதியவையாக இருக்கட்டும். 10.9 தரம், தானே இறுகிப் பிடிக்கும் நட்டு. துருப்பிடிக்காது என்று ஸ்டெயின்லெஸ் போல்ட் மாற்றுபவர்கள் உண்டு. கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் ஸ்டெயின்லெஸ் போல்ட்டின் இழுவலிமை ஒரு சதுர மி.மீ.க்கு 700 நியூட்டன். 10.9 போல்ட்டுக்கு 1,000. அந்தக் குறைவை ஃபிளாஞ்ச் தாங்காது. துருவுக்குப் பயந்தால் துத்தநாகச் செதில் பூச்சுள்ள 10.9 போல்ட் கேளுங்கள், இறுக்கி முடித்த பின் மேலே மெழுகுப் பூச்சு அடியுங்கள்.

இறுக்கும் அளவு தயாரிப்பாளர் கையேட்டில் உள்ளபடி. ஒரு கணிப்புக்கு, லேசாக எண்ணெய் தொட்ட 10.9 போல்ட்டுக்கு எம் 16 என்றால் 295 நியூட்டன் மீட்டர், எம் 20 என்றால் 580, எம் 24 என்றால் 1,000 என்ற அளவில் இருக்கும். மரையில் மாலிப்டினம் பசையோ தாமிரப் பசையோ தடவினால் உராய்வு குறைந்து, அதே டார்க்கில் போல்ட் அளவுக்கு மீறி இழுபடும். யோக் இடிப்பதால் சாக்கெட் நுழையாது, டார்க் ரெஞ்சின் முனையில் தட்டை ஸ்பேனர் நீட்டிப்பு போட வேண்டியிருக்கும். நீட்டிப்பு நேராக இருந்தால் கைப்பிடி நீளம் கூடிவிடுகிறது, அதைக் கழிக்க வேண்டும். ரெஞ்ச் 600 மி.மீ., நீட்டிப்பு 60 மி.மீ. என்றால் 295ஐ 600ஆல் பெருக்கி 660ஆல் வகுத்து, ரெஞ்சில் 268 வையுங்கள். நீட்டிப்பைச் செங்கோணமாகத் திருப்பி மாட்டினால் திருத்தம் வேண்டாம்.

எதிரெதிராக மூன்று சுற்று: முதலில் 30 சதவீதம், பிறகு 70, பிறகு முழுசு. நட்டிலிருந்து ஃபிளாஞ்ச் வரை ஒரு பெயின்ட் கோடு. ஒரு ஷிஃப்ட் ஓடிய பிறகு மறுபடியும் டார்க் பாருங்கள்.

முதல் ஓட்டம் சுமையில்லாமல் 30 நிமிடம். நிறுத்தி, ஒவ்வொரு ஜாயின்ட்டிலும் நான்கு கப்புகளையும் (கிராஸின் முனைகளை மூடும் நீடில் பேரிங் மூடிகள்) வெப்பமானியால் பாருங்கள். பளபளக்கும் உலோகத்தில் அகச்சிவப்பு வெப்பமானி குறைத்துக் காட்டும், அளக்கும் இடத்தில் கறுப்பு மேட் பெயின்ட்டில் ஒரு பொட்டு வைத்துக்கொள்ளலாம். எத்தனை டிகிரி என்பதைவிட, நான்கில் ஒன்று மட்டும் சுடுகிறதா என்பதே முக்கியம். அதிர்வுமானி இருந்தால் இன்னொரு தடயம் கிடைக்கும்: சுற்றுக்கு ஒரு துடிப்பு என்றால் சமநிலைக் குறை, சுற்றுக்கு இரண்டு துடிப்பு என்றால் கோணமோ யோக் தளமோ தவறு.

கிரீஸ் அடிப்பது

கிரீஸ் லித்தியம் காம்ப்ளெக்ஸ் வகை, என்.எல்.ஜி.ஐ. 2 (கெட்டித்தன்மை எண்), அதிஅழுத்தச் சேர்க்கை உள்ளது. தண்ணீர் அதிகம் படும் ஜெட்டியில் கால்சியம் சல்ஃபனேட் காம்ப்ளெக்ஸ் இன்னும் நன்றாக நிற்கும், தயாரிப்பாளர் ஒப்புக்கொண்டால் அதற்கு மாறுங்கள். மாலிப்டினம் டைசல்ஃபைடு கலந்த கறுப்பு கிரீஸைக் கார்டன் ஷாஃப்ட் நீடில் பேரிங்குக்கு வேண்டாம் என்று முன்னணித் தயாரிப்பாளர்களே சொல்கிறார்கள். ஸ்டோரில் அந்த வாளிதான் இருக்கிறது என்பதற்காக அடிக்காதீர்கள். லித்தியத்தோடு பாலியூரியாவோ களிமண் கிரீஸோ கலந்தால் இளகி ஓடும். கிரீஸ் மாற்றுவதானால் பழையது முழுக்க வெளியேறும்வரை அடிக்க வேண்டும்.

கையால் இயக்கும் கிரீஸ் கன்னால் அடியுங்கள். காற்றழுத்தக் கன்னின் வேகத்தில் சீல் உதடு மடங்கிப் போகும், பிறகு திரும்பி வராது. உங்கள் கன் ஓர் அழுத்துக்கு எத்தனை கிராம் தள்ளுகிறது என்று தெரியாவிட்டால், தராசில் ஒரு காகிதம் வைத்து 10 அழுத்து அடித்து எடை பாருங்கள். நிப்பிளைத் துடைத்துவிட்டு முதலில் வரும் சிறிது கிரீஸைத் துணியில் தள்ளிவிடுங்கள், பிறகு மாட்டுங்கள். மெதுவாக அடித்தால் அந்த ஜாயின்ட்டின் நான்கு சீலிலிருந்தும் கிரீஸ் எட்டிப் பார்க்க வேண்டும். மூன்றில் வந்து ஒன்றில் வராவிட்டால் வேலை முடியவில்லை. ஷாஃப்ட்டை 90 பாகை திருப்பி அடியுங்கள். யோக்கை நெம்பி லேசாக அசைத்துக்கொண்டே அடியுங்கள். அப்படியும் வராவிட்டால் அந்தக் கப் உள்ளே அடைத்துவிட்டது என்று பொருள், ஷாஃப்ட் வெளியே வர வேண்டும்.

திறந்தவெளி ஜெட்டியில் 250 மணி நேர ஓட்டம் அல்லது ஒரு மாதம், எது முந்துகிறதோ அது. தண்ணீர் அடித்துக் கழுவிய அன்றே ஒருமுறை, நீண்ட நாள் நிறுத்தும் முன் ஒருமுறை, மழைக்காலத்தில் இரு வாரத்துக்கு ஒருமுறை.

சீலிலிருந்து வெளியே வந்த கிரீஸைத் துடைத்து எறிந்துவிடாதீர்கள். வெள்ளைக் காகிதத்தில் மொச்சைக் கொட்டை அளவு தடவி, வெயிலில் சாய்த்துப் பாருங்கள். பாலில் கலந்ததுபோல் சாம்பல் வெளுப்பு இருந்தால் தண்ணீர். கறுப்பாக இருந்து, விரலிடையில் தேய்க்கும்போது மணலாக நெருடினால் நிலக்கரித் தூள். செங்காவி நிறம் துரு. கறுப்பில் ஊசி முனை போல மினுங்கினால் உலோகம், கிராஸ் ஏற்கெனவே உரிகிறது. தண்ணீர் சந்தேகம் என்றால், இயந்திரத்திலிருந்து விலகிய பாதுகாப்பான இடத்தில், சூடான தட்டில் ஒரு துளி வையுங்கள், கடுகு போல் வெடிக்கும். தண்ணீர் கண்ட ஜாயின்ட்டை அன்றே சுத்தமாக வரும்வரை கிரீஸ் அடித்து, ஒரு வாரத்தில் மறுபடியும் பாருங்கள். மறுபடியும் வெளுப்பு வந்தால் உதடு போய்விட்டது.

நல்லது என்று செய்து சீலைக் கெடுப்பவை

கப்பல் போனதும் உயர் அழுத்தத் தண்ணீரால் இயந்திரத்தைக் கழுவுவார்கள். எந்த உதட்டு சீலும் அந்தப் பீச்சலுக்காக வடிவமைக்கப்பட்டதில்லை. ஷாஃப்ட் இருக்கும் பகுதியைச் சாதாரணக் குழாய்த் தண்ணீரிலும் தூரிகையிலும் சுத்தம் செய்யச் சொல்லுங்கள். ஷாஃப்ட்டை மூடும் பாதுகாப்பு கார்டில் மஞ்சள் பெயின்ட்டில் 'பீச்சாதே' என்று பெரிதாக எழுதி வைத்தால் பலன் இருக்கிறது.

ஆண்டுப் பெயின்ட் வேலை அடுத்தது. ஸ்பிரே கன்காரர் ஷாஃப்ட்டையும் சேர்த்து அடித்துவிட்டுப் போவார். சீலின் உதட்டில் காய்ந்த பெயின்ட் முதல் சுற்றிலேயே ரப்பரைக் கிழிக்கும், நிப்பிளின் வாயும் அடைபடும். பெயின்ட்டுக்கு முன் ஜாயின்ட்டுகளையும் ஸ்ப்லைன் மூடுகுழாயின் வாயையும் கிரீஸ் காகிதத்தால் சுற்றிக் கட்டுங்கள்.

வெல்டிங் செய்யும்போது எர்த் கிளாம்ப்பை எங்கோ மாட்டிவிட்டு வேறெங்கோ வெல்ட் அடித்தால், மின்னோட்டம் ஷாஃப்ட் வழியாகப் போக நேரிடும். நீடிலும் கிராஸும் தொடும் கோடுகளில் பொறி பறந்து நுண்குழிகள் விழும். வெளியே ஒன்றும் தெரியாது, சில வாரத்தில் ஜாயின்ட் சத்தம் போடும். எர்த் கிளாம்ப் வெல்ட் அடிக்கும் அதே தகட்டில், கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும்.

பாதுகாப்பு கார்டும் கெடுதல் செய்யும். அடித்தட்டு மூடிய கார்டில் தூள் சேர்ந்து சேர்ந்து ஒருநாள் யோக் அந்த மேட்டைக் கடைந்துகொண்டு ஓடும். அடியில் கம்பி வலையோ சரிவான திறப்போ வைத்து, யோக் சுற்றும் வட்டத்திலிருந்து 50 மி.மீ. இடைவெளி விடுங்கள். கார்டைக் கழற்றாமல் கிரீஸ் அடிக்க ஒரு கீல் கதவும், ஷாஃப்ட் உடைந்தால் சாட்டையாகச் சுழலாமல் பிடிக்க ஒரு வளையமும் இருக்கட்டும்.

கிராஸ் மாற்றுவது

ஜெட்டியில் வேண்டாம், தூசி படாத ஒர்க்‌ஷாப் மேசையில் செய்யுங்கள். கப்பைப் பிடித்திருக்கும் சர்க்ளிப் வளையத்தை எடுத்து, பிரஸ்ஸில் கப்பைத் தள்ளி எடுங்கள். சுத்தியலால் அடித்தால் யோக்கின் காது விரியும், பிறகு எந்தக் கப்பும் இறுக்கமாக நிற்காது. யோக் துளையை இரு திசையிலும் அளந்து, நீள்வட்டமாகியிருந்தால் அந்த யோக்கைக் கழித்துவிடுங்கள்.

பழைய கிராஸில் சீல் உட்காரும் வளையத்தை நகத்தால் வருடுங்கள். நகம் மாட்டினால் அந்த இடத்தில் பள்ளம் இருக்கிறது. அதில் புது சீலை மட்டும் போட்டால் உதடு பள்ளத்தின் கரையில் உட்கார்ந்து சில நாளில் ஒழுகும். கிராஸ், கப், சீல் எல்லாவற்றையும் செட்டாகத்தான் மாற்ற வேண்டும்.

புதுக் கிராஸின் உள்துளைகளை முதலில் கிரீஸால் நிரப்புங்கள். கப்பின் உட்சுவரில் நீடில்கள் கிரீஸில் ஒட்டி வரிசையாக நிற்கும். ஒரு நீடில் சரிந்து கப்பின் அடியில் குறுக்கே விழுந்தாலும் கப் முழுதாக இறங்காது. சர்க்ளிப் பள்ளம் முழுசாகத் தெரியவில்லை என்றால் காரணம் இதுதான். அழுத்தத்தைக் கூட்டாமல் வெளியே எடுத்துப் பாருங்கள். கிராஸ் நடுவில் நிற்கவும் நீளவாக்கு ஆட்டம் இல்லாமல் போகவும் சர்க்ளிப்பைத் தடிமன் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். முடித்தபின் யோக் கையால் எல்லாத் திசையிலும் ஒரே கனத்தில் திரும்ப வேண்டும். ஓரிடத்தில் மட்டும் இறுகினால் மறுபடியும் பிரிக்க வேண்டும். மோட்டார் வேகத்தில் ஓடும் ஷாஃப்ட் என்றால் சமநிலை பார்க்கும் இயந்திரத்தில் ஏற்றி ஜி 16 தரத்துக்குச் சரி செய்து வாங்குங்கள். கியர்பாக்ஸுக்குப் பிறகு 50, 60 ஆர்.பி.எம்.மில் ஓடுவதற்கு அது தேவையில்லை.

கழற்றிய கிராஸைத் தூக்கிப் போடும் முன் நான்கு முனைகளையும் துடைத்துப் பாருங்கள். நீடில் அகலத்துக்குச் சம இடைவெளியில் கோடுகள் விழுந்து, மற்ற இடம் பளபளப்பாக இருந்தால் கோணம் போதவில்லை அல்லது சுமை மீறியிருக்கிறது. துரு தோய்ந்த செம்பொடி என்றால் தண்ணீர். முனையின் தட்டை முகம் மட்டும் வரண்டு சுரண்டியிருந்தால் அந்தக் கப்புக்குக் கிரீஸ் போகவேயில்லை. நான்கில் ஒன்று மட்டும் கெட்டிருந்தால் சீலையும் நிப்பிள் வழியையும் பாருங்கள். எதிரெதிர் இரண்டு கெட்டிருந்தால் கோணத்தையும் யோக் துளைகளையும் பாருங்கள்.

ஸ்டோரில் ஸ்பேர் ஷாஃப்ட்டைப் படுக்கவைத்து, ஜாயின்ட் தரையில் தொடாதபடி மரக்கட்டையில் தாங்கி, வெயில் படாமல் வையுங்கள். வெயிலில் சீல் ரப்பர் வெடிக்கும். ஆறு மாதம் தாண்டிக் கிடந்திருந்தால் நிப்பிள் உள்ள வகைக்கு மாட்டுமுன் புது கிரீஸ் அடிக்க வேண்டும். ஒவ்வொன்றிலும் ஓர் உலோக அட்டை தொங்கட்டும்: எந்த இடத்துக்கு உரியது, சுருங்கிய நீளம், மாட்ட வேண்டிய நீளம், போல்ட் அளவும் டார்க்கும், கிரீஸின் பெயர், கடைசியாகக் கிரீஸ் அடித்த தேதி. இரவு ஷிஃப்ட்டில், கப்பல் பாதி இறங்கிய நிலையில், ஸ்டோர் சாவி வைத்திருப்பவருக்கு இந்த ஆறு விவரமும் அங்கேயே கிடைத்தால் தவறான ஷாஃப்ட் ஜெட்டிக்குப் போகாது.